எஞ்சின் சூடாகட்டும்

குரு என்றால் நரைத்த தாடி இருக்கணும் என்று எவனோ சொல்லிவைத்துவிட்டுப் போய்விட்டான். இங்கே குருவுக்கு முப்பத்திரண்டு வயது. பெயர் ரெஜினா. கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சின்ன விமானம் செய்யவும் பறக்கவிடவும் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. சீடனுக்கு ஐம்பத்தொன்பது. பெயர் பேச்சிமுத்து. கோவில்பட்டியில் பழைய இரும்பு வியாபாரம். சொன்ன விலைக்கு உப்புகூட வாங்கியதில்லை.

ஊருக்கு வெளியே ஒரு ஓடுதளம் கிடக்கிறது. வெள்ளைக்காரன் யுத்தத்துக்காகப் போட்டான்; யுத்தம் முடிந்ததும் அப்படியே விட்டுவிட்டுப் போனான். இப்போது அதில் ஆடு மேயும், மிளகாய் காயும். ஞாயிற்றுக்கிழமைகளில் ரெஜினா விமானம் விடுவாள்.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில் பேச்சிமுத்துவின் கார் அங்கே வந்து நின்றது. பின்சீட்டில் ஒரு சிவப்பு விமானம். இறக்கையைக் கழற்றி, போர்வை சுற்றி வைத்திருந்தார். மாட்டினால் ஓர் ஆள் கைவிரித்த அகலம் இருக்கும். ரெஜினாவுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவளிடம் படித்த ஆனந்தவேல் செய்த விமானம். ஐப்பசி மழைக்குள் பைக்கில் போய்த் திரும்பி வராதவன். பேச்சிமுத்துவுக்கு அவன் ஒரே மகன்.

"டீச்சர், இதுல புகை வரணும்."

"எஞ்சின் ரிப்பேரா அண்ணாச்சி?"

"ரிப்பேரானா வருத புகை இல்ல. ஆகாசத்துல சுண்ணாம்பால கோடு இழுத்த மாதிரி, வெள்ளையா, தடியா. பட்டாளத்து விமானம் விடும்லா, அந்தப் புகை."

"எதுக்கு?"

பேச்சிமுத்து காரைப் பார்த்தார். காரில் யாரும் இல்லை.

"வீட்டுக்காரிக்குக் கண்ணு போய்க்கிட்டு இருக்கு. சக்கரை. மதுரையில காட்டினேன். ஆறு மாசம்ன்னாரு டாக்டர். ஒரு வருஷமாப் போட்டுத் தாங்கன்னு கேட்டேன். அவரு மூக்குக்கண்ணாடியத் தொடைக்க ஆரம்பிச்சிட்டாரு."

"இப்ப எவ்வளவு தெரியுது?"

"முகம் தெரியாது. கொடியில வெள்ளை வேட்டி ஆடினா தெரியும். அவன் பிளேன் பறக்கதை ஒருக்கா பாத்துரணும்ங்கா. இது சிவப்பு. மேல போனா எனக்கே ஈ மாதிரிதான் இருக்கு. அவளுக்கு எங்க தெரியப் போவுது. புகை விட்டா தெரியும்."

"மாட்டித் தாறேன். ஓட்டுறது நீங்க."

"நீங்களே ஓட்டிருங்க டீச்சர். அதுக்கு உண்டானதை வாங்கிக்கோங்க."

"அம்மா யாரு ஓட்டணும்ன்னாங்க?"

பேச்சிமுத்து விமானத்தின் மேல் போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

"நான்தான் ஓட்டணுமாம்," என்றார்.

*

மறுவாரம் மருந்துக்கடையில் மலச்சிக்கலுக்கு விற்கிற லிக்விட் பாரஃபின் எண்ணெய் வாங்கி வரச் சொல்லியிருந்தாள். பேச்சிமுத்து ஒரு பெட்டி நிறைய பாட்டில்களுடன் வந்தார்.

"எத்தன நாளா போகலைன்னு கேக்கான் கடைக்காரன். எனக்கில்ல, பிளேனுக்குன்னேன். அப்பம் டாக்டரப் பாருங்கங்கான்."

ரெஜினா சிரிக்காமல் பாட்டிலை வாங்கிக்கொண்டாள். ஓடுதளத்து ஓரத்தில் அவளுக்கு ஒரு தகரக் கொட்டகை உண்டு. டீ போடும் ஸ்டவ் உள்ளே இருந்தது.

"இந்த எண்ணெய் எப்படி டீச்சர் புகையாவுது?"

அவள் ஒரு பழைய இரும்புச் சட்டியைக் கையில் எடுத்தாள். அதில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டாள். எண்ணெய் சட்டியில் கிடந்தது. அதைத் துடைத்துவிட்டு, சட்டியை ஸ்டவ்வில் வைத்துக் காத்திருந்தாள். பேச்சிமுத்து இரண்டு தடவை போதாதா என்று கேட்டார். நன்றாகக் காய்ந்தபின் அதே கரண்டியளவு விட்டாள். வெள்ளைப் புகை குபுகுபுவென்று எழுந்து கொட்டகையை நிறைத்தது. பேச்சிமுத்து இருமிக்கொண்டே சிரித்தார். மகன் போனபின் அவர் சிரிப்பது அதுதான் முதல் தடவை.

அவள் ஒரு தீக்குச்சியைக் கிழித்துச் சட்டிக்குள் காட்டினாள். எண்ணெய் பற்றிக்கொண்டது. மஞ்சளாய் ஒரு நாக்கு எழுந்து ஆடியது. வெள்ளைப் புகை காணாமல் போயிற்று.

"எரிஞ்சா போச்சு," என்றாள். "எரியாம வேகணும்."

தட்டைப் போட்டு மூடி அணைத்தாள்.

பேச்சிமுத்து அவளைச் சந்தேகமாய்ப் பார்த்தார்.

"இதுல உள்ளர்த்தம் ஏதும் வச்சிருந்தா இப்பமே சொல்லிருங்க டீச்சர். பொறவு சுத்தி வளைக்கக் கூடாது."

"சட்டி இருக்கு. எண்ணெய் இருக்கு. வேற ஒண்ணும் இல்ல அண்ணாச்சி."

*

எஞ்சினின் சைலன்சரைக் கழற்றி, உள்ளே செம்புக் குழாயைச் சுருட்டி வைத்தாள். எண்ணெய் அந்தச் சுருளுக்குள் ஓடிச் சூடேறி, சைலன்சரில் விழுந்து புகையாக வெளியே போகும். எண்ணெய்க்குத் தனியாக ஒரு தொட்டி. அதைத் தள்ள ஒரு குட்டிப் பம்பு. ரிமோட்டில் ஒரு சுவிட்ச்.

"எத்தன நிமிஷம் வரும்?"

"மூணு."

"ஆறாக்குங்க."

"தொட்டி பெருசாகும். கனம் கூடும். எழும்பாது."

"நாலு?"

"மூணு."

"மூணரைக்கு ஒத்துக்கிடுங்க, உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம்."

ரெஜினா ஸ்குரூவை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் மாட்டியபின் விமானத்தின் இறக்கைகளுக்கு அடியில் இரண்டு விரல்களை வைத்துத் தூக்கினாள். மூக்கு தொங்கியது.

"முன்னால கனம் ஏறிட்டு. உள்ள அவன் ஏதோ வச்சிருக்கான். எடுக்கணும்."

மூக்கு மூடியைத் திறந்தாள். உள்ளே பசை போட்டு ஒட்டிய ஈயத் துண்டுகள். பேச்சிமுத்து குனிந்து பார்த்தார். கார் சக்கரம் ஆடாமல் இருக்க ஓரத்தில் அடிக்கிற ஈயம். அவர் கடைக் குவியலில் கிடப்பது. ஒரு துண்டில் அவர் கடைப் பச்சை பெயின்ட் இன்னும் இருந்தது.

"களவாணிப் பய," என்றார். "கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனா."

ரெஜினா ஒவ்வொன்றாகப் பெயர்த்து அவர் கையில் வைத்தாள். பச்சைத் துண்டுக்கு வந்ததும் அவர் அவள் கையைத் தடுத்தார்.

"இது ஒண்ணு இருக்கட்டும் டீச்சர்."

அவள் விமானத்தை மறுபடியும் இரண்டு விரலில் தூக்கினாள். மூக்கு தொங்கியது.

"எங்கிட்ட கேக்காதீங்க. இதுகிட்ட பேசுங்க," என்று விரலைக் காட்டினாள்.

பேச்சிமுத்து அந்த விரல்களை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவரே உளியை எடுத்தார்.

பச்சைத் துண்டை வீட்டில் உலகம்மாள் கையில் கொடுத்தார். உலகம்மாள் அவர் மனைவி. அவள் அதைத் தடவிப் பார்த்தாள், முகர்ந்தாள், முந்தானையில் முடிந்துகொண்டாள்.

*

ஓட்டக் கற்றுக்கொள்ள ரெஜினா ஒரு பழைய விமானத்தைக் கொடுத்தாள். பேச்சிமுத்து அதையும் ஒரு வேலைக்காரனைப் போலத்தான் நடத்தினார். "ஏல, மூக்கத் தூக்குல. மூதேவி, அங்க எங்க போற."

"அதுக்குக் காது கிடையாது அண்ணாச்சி. கட்டைவிரலத்தான் கேக்கும்."

இரண்டு தடவை கருவேல முள்ளுக்குள் விழுந்தது. மூன்றாம் தடவை ஓர் ஆட்டுக்கிடை கலைந்து, ஆடு மேய்க்கிற கீதாரியிடம் ஏச்சு வாங்கினார். திருப்பி ஏசினார். பங்குனி பிறக்கும்போது தனியாக ஏற்றி இறக்கும் அளவுக்கு வந்துவிட்டார். வீட்டில் தினமும் காலையில் கொடியில் வெள்ளை வேட்டியை விரித்துப் போட்டுவிட்டு, உள்ளே வந்து கேட்பார்.

"ஏளா, வேட்டி தெரியுதா?"

"தெரியுது."

"ஆடுதா?"

"லேசா ஆடுது."

அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் காபி குடிப்பார்.

பறக்கவிடுகிற நாளைக்கு முந்தின நாள் ரெஜினா சொன்னாள்: "எஞ்சின் சூடாகட்டும். மேல ரெண்டு சுத்து விடுங்க. முழு வேகத்துல வரும்போதுதான் சுவிட்ச். மெதுவா ஓட்டும்போது அதத் தொடக் கூடாது. சைலன்சர் ஆறிரும். எண்ணெய் வேகாது."

"வெளங்குது."

"சொல்லுங்க பாப்போம்."

"எஞ்சின் சூடாகட்டும். வேற என்ன, தோப்புக்கரணம் போடணுமா?"

*

உலகம்மாளை ஓடுதளத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பட்டுச்சேலை கட்டி வந்திருந்தாள். மகனின் விமானம் எழும்பியதும் சத்தம் வரும் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"எங்கங்க?"

"மேக்க பாரு. வாறான்."

முதல் சுற்று முடியவில்லை. மேற்கே இருந்து வேகமாக வந்தால், அவள் கண்ணைத் தூக்குவதற்குள் தலைக்கு மேலே தாண்டிப் போய்விடும் என்று பேச்சிமுத்துவுக்குத் தோன்றியது. மெதுவாக வந்தால் நன்றாகப் பார்ப்பாள். நல்லெண்ணம்தான். வேகத்தைக் குறைத்தார். தாழ இறக்கினார். அவள் தலைக்கு நேரே கொண்டுவந்தார்.

"அண்ணாச்சி, வேண்டாம்," என்றாள் ரெஜினா.

"எனக்கு நேரமில்ல டீச்சர்."

"எஞ்சினுக்கு அது தெரியாது."

அவர் சுவிட்சைப் போட்டுவிட்டார்.

புகை வரவில்லை. வேகாத எண்ணெய் சொட்டுச் சொட்டாய் உதிர்ந்தது. சைலன்சரில் தேங்கிய எண்ணெய் திரும்ப உள்ளே ஏறி, எஞ்சின் கமறியது, திக்கியது, நின்றது. சத்தமில்லாமல் விமானம் கொஞ்ச தூரம் போய், ஓடுதளத்துக்கு அப்பால் குத்தியது.

உலகம்மாள் கன்னத்தைத் துடைத்துப் பார்த்தாள்.

"மழை தூறுதா?" என்று கேட்டாள்.

*

ஒரு இறக்கை முழுக்கப் போயிருந்தது. மூக்கு நசுங்கியிருந்தது. கொட்டகையில் பேச்சிமுத்து துண்டுகளைப் பொறுக்கி மேஜை மேல் வைத்தார். யாரையோ ஏசவேண்டும் போல வாய் அசைந்துகொண்டே இருந்தது. ஏசுவதற்கு ஆள் கிடைக்கவில்லை.

"எத்தன நாளாவும் டீச்சர்?"

"இறக்கை புதுசாச் செய்யணும். குழாய் மாத்தணும். முடியும்போது ஆடி வந்துரும். ஆடிக் காத்துல விட முடியாது. ஆவணி."

"ஆவணிக்குள்ள அவ கண்ணு போயிரும்."

ரெஜினா உடைந்த மரச்சட்டத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போயிரும்லா டீச்சர்?"

"ஆமா."

"கொஞ்சம் கொறச்சுச் சொன்னா என்ன, கொறஞ்சா போவீங்க?"

"எவ்வளவு கொறைக்கணும் அண்ணாச்சி?"

வாழ்நாள் முழுக்க மற்றவர்களிடம் அவர் எதிர்பார்த்துக் காத்திருந்த கேள்வி அது. அவரிடம் தொகை இல்லை. மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ரெஜினா இறக்கைக்கான இலேசான பால்சா மரத்தில் ஒரு துண்டை எடுத்து, அவர் கைக்குப் பக்கத்தில் உப்புத்தாளோடு வைத்துவிட்டு வெளியே போனாள்.

திரும்பி வந்தபோது அவர் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் ஞாயிறுதோறும் தேய்த்தார். ஒட்டினார். ஒட்டியது காயும்வரை உட்கார்ந்திருந்தார். முதலில் பசையை ஊதிக் காயவைக்கப் பார்த்தார். பிறகு அதையும் விட்டுவிட்டார்.

ஆடி பிறந்தது. காற்று மண்ணை வாரி இறைத்தது. கொடியில் வேட்டி படபடவென்று நாளெல்லாம் அடித்தது.

"ஏளா, வேட்டி தெரியுதா?"

"தெரியுது."

"ஆடுதா?"

"நல்லா ஆடுது."

இப்போதெல்லாம் உலகம்மாள் காபி ஊற்றும்போது டம்ளர் விளிம்பில் விரலை வைத்துக்கொள்கிறாள். சூடு விரலில் பட்டதும் நிறுத்துகிறாள். பேச்சிமுத்து அதைப் பார்த்தார். வேட்டி தெரிகிறது என்கிறாளே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

"ஆத்திரக்காரனுக்குன்னு ஒரு பழமொழி உண்டுல்லா," என்றாள் ஒரு நாள், அவர் கைகளைத் தடவிக்கொண்டு. "உங்களுக்கு அதுல பாதி போயிட்டு. கையெல்லாம் மரத்தூளு."

"ஆத்திரம் போயிட்டா, புத்தி போயிட்டா?"

"எது போனா என்ன. வருஷமெல்லாம் இரும்பு வாசனை. இப்பந்தான் மரம் மணக்கு."

*

ஆவணியில் காற்று விழுந்தது. ஓர் இலை அசையவில்லை. அன்று காலையில் பேச்சிமுத்து வேட்டியை விரித்துப் போட்டார். ஆனால் உள்ளே வந்து ஒன்றும் கேட்காமல் காபியைக் குடித்தார்.

ஓடுதளத்தில் அதே நாற்காலி. அதே பட்டுச்சேலை. உலகம்மாளின் கை முந்தானை முடிச்சைப் பிடித்திருந்தது. பேச்சிமுத்து எஞ்சினைத் தரையிலேயே ஓடவிட்டு நின்றார். ரெஜினா பக்கத்தில் நின்றாள். எதையும் நினைவூட்டவேண்டியிருக்கவில்லை.

விமானம் எழும்பியது. மேகமில்லாத வானத்தில் அது சின்னச் சிவப்பு ஈயாக ஆனது. முதல் சுற்று. அவர் சுவிட்சைத் தொடவில்லை. கட்டைவிரலை ரிமோட்டின் குச்சியிலிருந்து எடுக்கவே இல்லை. இரண்டாம் சுற்று. மேற்கே தூரத்தில் திருப்பி, முழு வேகத்தில் விட்டார். எஞ்சினின் சத்தம் இறுகி, ஒரே கம்பியாக நீண்டு, தலைக்கு மேலே கடந்தது.

"தெரியுதுங்க," என்றாள் உலகம்மாள்.

சுவிட்ச் பக்கம் போன பேச்சிமுத்துவின் விரல் நின்றது.

"என்ன தெரியுது?"

"புகை. வெள்ளையா. எம்புட்டு நீளம். கோயில் தேர்வடம் மாதிரில்லா கெடக்கு."

வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. கிழக்கே போன விமானத்தின் பின்னால் ஒன்றும் இல்லை. அவள் முகம் மேற்கே பார்த்திருந்தது.

"நல்லாத் தெரியுதா?"

"கண்ணு நிறையத் தெரியுது. எம்புள்ள போற மாதிரியே இருக்கு. நீங்க அழகா ஓட்டுதீங்க." முடிச்சை இன்னொரு சுற்று விரலில் சுற்றிக்கொண்டாள். "போதும். இறக்கிருங்க. உங்களுக்குக் கை வலிக்கும்."

பேச்சிமுத்து விமானத்தைத் திருப்பினார். கட்டைவிரல் தானாகத் திருப்பியது. பிறகு ரெஜினாவின் பக்கம் சாய்ந்து, உலகம்மாளுக்குக் கேட்காமல் பேசினார்.

"நான் இன்னும் சுவிட்சே போடல டீச்சர்."

"தெரியும்."

"எப்பம் இருந்து இவளுக்குத் தெரியல?"

ரெஜினா விமானத்தையே பார்த்திருந்தாள்.

"வேட்டி ஆடுதுன்னா. தினம் சொன்னா. காத்துச் சத்தத்த வச்சுச் சொல்லியிருக்கா." அவருக்குப் பழைய கோபம் ஒரு கணம் வந்து, நிற்க இடமில்லாமல் போயிற்று. "எனக்காகச் சொல்லியிருக்கா."

விமானம் மேற்கே வளைந்தது.

"நான் அன்னைக்கே நீங்க சொன்னதக் கேட்டிருக்கணும். அன்னைக்குத் தெரிஞ்சிருக்கும் இவளுக்கு."

"தெரிஞ்சிருக்கும்," என்றாள் ரெஜினா.

அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியாது. இரண்டு கையும் ரிமோட்டில் இருந்தன.

"இனி எதுக்கு டீச்சர் புகை? இவ பாத்தாச்சுன்னுட்டா. நான் பாத்து என்ன செய்ய? யாருக்குப் போடச் சொல்லுதீங்க?"

நாற்காலியில் உலகம்மாள் மேற்கே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ரெஜினா தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டாள். மூன்றாம் சுற்று திரும்பி, விமானம் முழு வேகத்தில் அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"எஞ்சின் சூடாயிட்டு, அண்ணாச்சி," என்றாள்.